மூன்றெழுத்துக்குள் ஒடுங்கிய ஊர்ப்பெயர்கள்

(செஞ்சியில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

சென்னையினின்று யாழ்ப்பாணத்துக்கு வானூர்தியில் செல்லும் தமிழன் கையிலுள்ள பயணச்சீட்டைப் பாருங்கள். புறப்படும் ஊர் எம்-ஏ-ஏ; சேரும் ஊர் சே-ஏ-எஃப். அவன் பெட்டியிற் சுற்றி ஒட்டிய தாளிலும் அவ்வெழுத்துகளே. புறப்படுவதும் தமிழூர், போய்ச் சேர்வதும் தமிழூர், இடையில் கிடப்பதும் பண்டைத் தமிழர் கலஞ்செலுத்திய கடல். ஆயினும் அச்சீட்டில் சென்னையும் இல்லை, யாழ்ப்பாணமும் இல்லை. முன்னதில் 'மெட்ராசு' நிற்கின்றது. பின்னதில் அயலார் வாயிற் சிதைந்த 'சாஃப்னா' நிற்கின்றது. யாழ் என்னும் இசைக்கருவியின் பெயரைத் தன் பெயரில் தாங்கிய ஊர், யாழை இழந்து நிற்கின்றது. பலாலி நிலையம் 2019 அக்தோபரில் பன்னாட்டு வானூர்தி நிலையமாகத் திறக்கப்பெற்றபோதும் அக்குறியே தொடர்ந்தது.

இக் குறியெழுத்துகள் எவ்வாறு தோன்றின? 1930-களில் அமெரிக்க வானூர்தி நடத்துநர், அந்நாட்டு வானிலைத் துறை ஊர்களுக்கு இட்டிருந்த ஈரெழுத்துக் குறிகளையே தாமும் எடுத்தாண்டனர். ஊர்கள் பெருகவே ஈரெழுத்துப் போதவில்லை. மூன்றாம் எழுத்து வேண்டியதாயிற்று. இலாசு ஏஞ்சல்சு நகரம் எல்-ஏ என்னுந் தன் பழங்குறியோடு எக்சு என்னும் பொருளற்ற எழுத்தொன்றைச் சேர்த்துக்கொண்டது இவ்வாறே. 1945-இல் கியூபா நாட்டு அவானாவில் பன்னாட்டு வான்போக்குவரத்துக் கழகம் தோன்றியது. கனடாவின் மொன்றியல் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அக்கழகமே இன்று உலகெங்கும் இம் மூவெழுத்துக் குறிகளை வழங்குகின்றது. இருபத்தாறு எழுத்துகளை மும்மூன்றாக அடுக்கினால் 17,576 குறிகளே கிடைக்கும். ஓர் ஊர் கொண்டதை மற்றோர் ஊர் கொள்ளல் இயலாது. எம்-ஏ-டி என்பது இசுபானியத் தலைநகராகிய மத்ரீதுக்கு உரியது. தமிழ் வளர்த்த மதுரைக்குக் கிடைத்ததோ ஐ-எக்சு-எம். அதில் மதுரையைக் காட்டுவது கடைசி எழுத்து ஒன்றே!

ஒருமுறை இட்ட குறி எளிதில் மாறுவதில்லை. பயணச்சீட்டும், பெட்டிகளைப் பிரித்தனுப்பும் பொறிகளும், உலகெங்குமுள்ள கணினிகளும் அக்குறியையே நம்பி இயங்குகின்றன. வலுவான கரணியம் இன்றி அதனை மாற்றுதலாகாது என்பது அக்கழகத்தின் நெறி. ஆகவே, ஊர் தன் பெயரை மீட்டாலும் குறி பழைய பெயரைக் காத்துக்கொண்டே நிற்கும். மெட்ராசு 1996-இல் சென்னையாயிற்று. குறியில் இன்றும் மெட்ராசே. தூத்துக்குடிக்கு இன்றும் 'தூத்துக்கொரின்' என்னுந் திரிபின் எழுத்துகளே. இலெனின்கிராது 1991-இல் தன் பழம்பெயராகிய பீட்டர்சுபர்க்கை மீட்டது. அங்கிறங்கும் பெட்டியில் எல்-இ-டி என இலெனின் பெயரே ஒட்டப்பெறுகின்றது.

வானூர்தி ஏறுவோர் சிலர். தொடர்வண்டி ஏறுவோர் பலர். அங்கும் இதே நிலைதான்.  மயில் ஆடும் துறை என்னும் அழகிய தமிழ்ப்பெயர் மாயூரமாகி, மாயவரமாகி, 1982-இல் மீண்டும் மயிலாடுதுறை ஆயிற்று. நிலையக் குறியோ எம்-வி. மாயவரம் இன்னும் அவ்விடத்தை விட்டு அகலவில்லை. தேவாரம் முதுகுன்றம் எனப் போற்றிய ஊரை, முதுமைக்கு விருத்தம் என்றும் குன்றுக்கு அசலம் என்றும் வடசொற் பெய்து விருத்தாசலம் ஆக்கினர். அதன் குறி வி-ஆர்-ஐ. வேற்றுமொழிப் பெயர் முதலில் மக்கள் நாவில் ஏறிற்று. பின்னர் ஏட்டில் ஏறிற்று. இறுதியாகக் குறியிலும் ஏறிவிட்டது. நாவினின்று இறக்கலாம், ஏட்டினின்றும் இறக்கலாம், குறியினின்று இறக்குவதே அரிதாக உள்ளது.

செஞ்சிப் பெருமக்களே! இவ்வூருக்கு வானூர்தி நிலையம் இல்லை. தொடர்வண்டி நிலையமும் இல்லை. திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ சென்றே வண்டி ஏறவேண்டியுள்ளது. அவ்வாறிருக்கக் குறியெழுத்தைப் பற்றிய பேச்சு இங்கு எதற்கு என ஐயுறலாம். இவ்வூரின் பெயர் வரலாற்றைச் சற்றே எண்ணிப்பார்த்தால் அவ்வையம் நீங்கும்.

கோன் மரபினர் அரண் எடுத்த மலை இது. விசயநகரத்தார்க்கு அடங்கிய நாயக்கர் இதனை ஆண்டனர். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் பீசப்பூர்ச் சுல்தானியர் கைப்பற்றிப் 'பாதுசாபாது' எனப் பெயரிட்டனர். 1677-இல் சிவாசி கைக்கொண்டார். மராட்டியர் தம் வாய்க்கேற்பச் 'சந்தி' என்றனர். முகலாயப் படை 1690 முதல் முற்றுகையிட்டு 1698-இல் கோட்டையைப் பிடித்தது. படைத்தலைவன் சுல்பிகர்கானின் பட்டப்பெயரால் 'நுசுரத்கட்' என்னும் பெயர் சூட்டப்பெற்றது. 1750-இல் பிரெஞ்சியரும் 1761-இல் ஆங்கிலேயரும் கோட்டையைக் கைப்பற்றினர்.

இத்தனை பேர் இட்ட பெயர்களில் எது நிலைத்தது? பாதுசாபாது எங்கே? நுசுரத்கட் எங்கே? உழவனும், ஆயனும், கல்தச்சனும், செஞ்சியம்மனை வணங்கிய தாய்மாரும் செஞ்சி என்றே அழைத்தனர். செஞ்சி என்பதே நின்றது. பீரங்கி வைத்தோர் தோற்றனர். பெயர் சொன்னோர் வென்றனர்.

ஆயினும் ஒரு திரிபு மட்டும் தப்பிவிட்டது. ஆங்கிலேயர் தம் செவிக்குப் பட்டவாறு ஆறெழுத்தில் எழுதிவைத்த 'கிஞ்சீ'யே இன்றளவும் வட்டத்தின் பெயராகவும், சட்டமன்றத் தொகுதியின் பெயராகவும், நெடுஞ்சாலைப் பலகையின் ஆங்கில வரியாகவும் நிற்கின்றது. அதனைக் கிங்கி என்று படிப்பாரும் உளர். சிஞ்சீ என்று படிப்பாரும் உளர். செஞ்சி என்று படிக்க எவராலும் இயலாது. 2025 சூலையில் யுனெசுகோ அமைப்பு, மராட்டியப் படையரண்கள் என்னுந் தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. பதினொன்று மராட்டிய மாநிலத்தன. தமிழ்நாட்டுக் கோட்டை இஃதொன்றே. அவ்வுலகப் பட்டியலிலும் ஏறியது அதே திரிபுதான். இனி உலகோர் இக்கோட்டையைத் தேடும்பொழுது அப்பெயராலேயே தேடுவர்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு இருப்புப்பாதை அமைக்க 2006-07-இல் ஒப்புதல் தரப்பெற்றது. ஆண்டுகள் பல கழிந்தும் பணி நிறைவுறவில்லை. ஆனால் ஒருநாள் வண்டி வரும், நிலையம் எழும், பலகை நடுவர், அதற்கொரு குறியும் இடுவர். அக்குறி எப்பெயரினின்று பிறக்கவேண்டும்? செஞ்சியினின்றா, கிஞ்சீயினின்றா? வினா இதுவே. சென்னைக்கும் மயிலாடுதுறைக்கும் காலம் கடந்துவிட்டது. செஞ்சிக்கு இன்னும் கடக்கவில்லை.

குறிகள் மாறவே மாறா என்பதும் அன்று. நியூயார்க்கின் ஐடில்வைல்டு நிலையம், கொலையுண்ட குடியரசுத் தலைவர் கென்னடியின் பெயரை 1963-இல் ஏற்றபோது, குறியும் அவர் பெயரெழுத்துகளாக மாறிற்று. கசக்கசுத்தான் நாட்டுத் தலைநகரின் குறி உருசியர் இட்ட செலினோகிராது என்னும் பழம்பெயரைச் சுமந்திருந்தது. 2020-இல் அதனை மாற்றி, முன்னாள் தலைவர் நூர்சுல்தான் நசர்பாயெவின் பெயரைக் காட்டும் குறியை இட்டனர். 2022-இல் அந்நகரம் அவர் பெயரைக் களைந்து மீண்டும் அசுத்தானா ஆயிற்று. புதிய குறியோ அங்கேயே தங்கிவிட்டது. ஆள்வோர் பெயரை ஊருக்கு இடுவதன் நிலையாமைக்கு, நுசுரத்கட் கண்ட செஞ்சிக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

குறியை மாற்றுவது கடினம். குறி பிறக்குமுன் எழுத்தைத் திருத்துவது எளிது. அதிலும் விரைவு மட்டும் போதாது, தேர்ச்சியும் வேண்டும். 2020 சூனில் தமிழ்நாட்டரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி ஆணையிட்டது. நோக்கம் நன்று. ஆனால் எழுத்துக்கூட்டிற் குறைகள் மலிந்தமையால் கண்டனம் எழுந்து, சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. மொழியறிந்தோர் அமர்ந்து, ஊரார் ஒலிப்பைக் கேட்டு, ஒரே நெறியில் எழுதியிருப்பின் அந்நிலை நேர்ந்திராது.

செஞ்சிக்கோ அவ்விடரும் இல்லை. சென்னைக்கும் அரக்கோணத்துக்கும் இடையே செஞ்சிப் பனம்பாக்கம் என்றொரு நிலையம் உண்டு. அங்குள்ள ஆங்கிலப் பலகையில் செஞ்சி என்னுஞ் சொல்லைத் தொடர்வண்டித் துறையே ஐந்தெழுத்தில் பிழையின்றி எழுதியுள்ளது. அவ்வூர்க்கு ஒலித்த செஞ்சி, கோட்டையூர்க்கு ஒலிக்காதா?

ஆதலின், பெருமக்களே! பேரூராட்சியில் முடிவு நிறைவேற்றுங்கள். மாவட்ட ஆட்சியர்க்கும் தொடர்வண்டித் துறைக்கும் இன்றே எழுதுங்கள். அதற்கும் முன்னால், உங்கள் கடைப்பலகையில், திருமண அழைப்பிதழில், பிள்ளைகளின் பள்ளிச் சான்றில், ஆங்கிலத்தில் எழுத நேரும் இடமெல்லாம் செஞ்சி என ஒலிக்குமாறே எழுதுங்கள். ஊரார் எழுதாத பெயரை அலுவலர் எழுதமாட்டார்.

அடுத்தடுத்து வந்த முற்றுகைகளில் இவ்வூர்ப் பெயரைக் காத்தது கோட்டை மதில் அன்று. உங்கள் முன்னோர் நா. அவர்கள் நாவாற் காத்ததை நீங்கள் எழுத்தாற் காத்தல் வேண்டும். முதல் வண்டி வந்து நிற்கும் நாளில், இறங்குவோன் படிக்கும் பெயரும் ஏறுவோன் சொல்லும் பெயரும் ஒன்றாக இருக்கட்டும்.

வாழ்க செஞ்சி! வெல்க தமிழ்!