தேர்தலில் நிற்கும் வணிகர்

(திருத்தணிகையில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



வாணிகத்தால் பொருளீட்டியோர் அடுத்தபடியாகச் சட்டசபைப் பதவியை நாடுதல் உலகியல்பு. நம் குலத்து வணிகர் ஒருவர் நின்றால் அவர் கட்டவேண்டிய டிபாசிட்டுத் தொகையைச் சங்க நிதியிலிருந்து கொடுக்கலாமென்றும், நம்மவர் வாக்கெல்லாம் அவருக்கே உரியவென்றும் கூறுவார் நம்மில் உளர். இது தகுமா என ஆராய, ஒரு வணிகரின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம்.

சேலம் ஜில்லா மேட்டூரில் டயர் பழுதுபார்க்கும் கடை நடத்தியவர் ஸ்ரீமான் கே. பத்மராஜன். 1988-இல் முதன்முறை அபேட்சகராய் நின்ற இவர், 2024-ஆம் ஆண்டுப் பார்லிமெண்டுத் தேர்தலுக்கு முன்னரே 230-க்கு மேற்பட்ட தேர்தல்களிற் போட்டியிட்டார், ஒன்றிலேனும் வென்றாரில்லை. நரசிம்மராவ், வாஜ்பாய் முதலிய பெருந்தலைவர்களையும் எதிர்த்து நின்றார். அவர் பெற்ற வாக்குகளில் மிகுதியானது 2011-இல் மேட்டூர்ச் சட்டசபைத் தொகுதியிற் கிடைத்த 6,273. வென்றவரோ 75,000-க்கு மேற்பெற்றார். சாமானியனும் தேர்தலில் நிற்கலாமென்று காட்டுவதே தம் நோக்கமென்பர் அவர்.

இதனை நகைத்தொதுக்கல் ஆகாது. செல்லத்தக்க வாக்குகளில் ஆறிலொரு பங்குக்கு மேற்பெறாது தோற்றவர் கட்டிய தொகையை இழப்பர் என்பது சட்டம். 1996-இல் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் நின்றனர். உழவர் தம் குறையை அரசு காணவேண்டுமென்று அங்ஙனம் செய்தனர். அப்போது சட்டசபைக்குரிய தொகை 250 ரூபாயே. அவ்வாண்டே அது 5,000 ஆக உயர்ந்து, பின்னர் 10,000 ஆயிற்று, பார்லிமெண்டுக்கு 25,000. தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் இவற்றிற் பாதி. விளையாட்டாய் நிற்போரைத் தடுக்க இட்ட வேலி இது. ஆயினும் செல்வர்க்கு இஃது ஒரு வேலியன்று, எளியோர்க்கே வேலி. ஆதலின் ஒரு கடைக்காரர் அதனைப் பன்முறை தாண்டியமை பாராட்டத்தக்கதே.

ஆயின், தாண்டியபின் மக்களுடைய எக்குறையை அவர் சுமந்து சென்றார் என்றும் வினவவேண்டும். நம் தணிகைமலைப் படிகள் 365. படியேறுதல் மட்டும் பயனன்று. மேலே எழுந்தருளியிருப்பவனைக் காண்டலே பயன்.

விடாமுயற்சிக்கு மற்றோர் இலக்கியம் நம்மருகேயே உண்டு. தமிழாசிரியர் மங்கலங்கிழார் இவ்வெல்லைப்புறத்து ஊர்களில் தமிழ் கற்பித்து, ம. பொ. சிவஞானம் அவர்களுடன் வடவெல்லைக்காக உழைத்தார். 1953-இல் அவர் மறைந்தார். திருத்தணி சென்னை இராச்சியத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் முதல் நாளில். பயனைக் காணாது சென்றாராயினும் அவர் உழைப்பு வீண்போகவில்லை. ஏனெனின், அது தம் பெயர்க்கன்றி ஊர்க்காக உழைத்த உழைப்பு.

ஆகவே, நம் வணிகர் நிற்க விரும்பின் தாராளமாக நிற்க. ஒருமுறை தோற்றால் மறுமுறையும் நிற்க. தொகையைத் தம் கைப்பொருளிலிருந்தே கட்டுக. சங்க நிதி ஏழைப் பிள்ளைகளின் கல்விக்குரியது. பொதட்டூர்ப்பேட்டை நெசவாளரின் கூலியைப் பற்றியும், நம் ஊர்க் குடிநீரைப் பற்றியும் அவர் யாது செய்வாரென நாம் கேட்போம். தக்க விடை தந்தால் வாக்களிப்போம். பிறகுலத்தார் ஒருவர் அவரினும் தக்க விடை தருவாராயின், அவர்க்கே அளிப்போம். உறவுக்கு மொய் எழுதுவது போல வாக்கை எழுதிவிடலாகாது. மொய் நம் பொருள்; வாக்கோ ஊர்ப்பொருள்.