உயிர் மீண்ட பிறகு வேலை மீள வேண்டும்

முதுகுத்தண்டு அடிபட்டவரோ, தலையில் பலத்த காயம் பட்டவரோ உயிர் பிழைத்ததும் குடும்பம் கேட்பது, எழுந்து நடப்பாரா என்பதை. இனி வீட்டுக்கு யார் சம்பாதிப்பது என்ற கேள்வி தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. மலாக்காவில் அந்தக் கேள்விக்கும் பதில் தேடும் நிலையம் ஒன்று உண்டு. ஹங் துவா ஜெயாவில், மலேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ நடத்தும் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் 2014இல் திறக்கப்பட்டது. நடை பழக்கும் இயந்திரமும், தண்ணீருக்குள் செய்யும் பயிற்சியும், தொழிலுக்கு ஆயத்தப்படுத்தும் பிரிவும் அங்கே ஒரே வளாகத்தில் இருக்கின்றன. சொக்சோவின் வேலைக்குத் திரும்பும் திட்டம் அதற்கும் முன்பே, 2007இல் தொடங்கியது.

இந்தக் காயங்கள் தமிழர் வாழ்வுக்குத் தூரமானவை அல்ல. செம்பனைத் தோட்டத்தில் நீண்ட கம்பத்தில் பூட்டிய அரிவாளால் குலை வெட்டும்போது, மேலிருந்து விழும் குலையோ மட்டையோ கழுத்தை முறித்துவிடும். தோட்டத்தை விட்டு வெளியேறிய பிள்ளைகளுக்கோ ஆபத்து சாலையில் இருக்கிறது. ஜாசினிலிருந்தும் அலோர் காஜாவிலிருந்தும் பத்து பிரண்டம், ஆயர் குரோ தொழிற்சாலைகளுக்கு விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறார்கள். இரவு வேலை முடிந்து தூக்கக் கண்ணோடு திரும்புகிறார்கள். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் நடுவே, வழி மாறாமல் செல்லும்போது நேரும் விபத்தும் 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் வேலை விபத்தாகவே கொள்ளப்படுகிறது. இது தெரியாமல் உரிமையை இழந்த குடும்பங்கள் உண்டு.

எந்த இடத்தில் தண்டுவடம் அடிபட்டது என்பதைப் பொறுத்தே எஞ்சும் வலிமை அமையும். நெஞ்சுக்குக் கீழே அடிபட்டவருக்குக் கைகள் முழுமையாக இருக்கும். உதாரணமாக, வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையமும் அவர் முயற்சியால் எழுந்தது. உட்கார்ந்து செய்யக்கூடிய அறுவையைத் தேர்ந்தார், தொழில் நிலைத்தது. மலாக்காவில் குலை வெட்டியவருக்கும் கணக்கிட வேண்டியது இதுதான்: எடை போடும் இடத்தில், சாமான் கிடங்கில், அலுவலகத்தில் அவர் கைக்கு ஏற்ற வேலை எது? முதலில் பழைய முதலாளியிடம் பழைய வேலை. முடியாவிட்டால் அவரிடமே வேறு வேலை. அதுவும் இல்லையென்றால் புதிய இடம் அல்லது சொந்தத் தொழில். இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு முதலாளியிடமும் மருத்துவரிடமும் மாறி மாறிப் பேசுவதுதான் சொக்சோ நியமிக்கும் அதிகாரியின் பணி. சிறிய சங்கதிகளில் பெரிய வேலைகள் தவறிப்போகின்றன. சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இல்லாத தொழிற்சாலையில், சில மணி நேரத்துக்கொரு முறை குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்க வேண்டியவர் எப்படி ஒரு ஷிப்டை முடிப்பார்?

மூளைக்காயம் இன்னும் கடினமானது, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. தையல் ஆறிவிட்டது, நடக்கிறார், சிரிக்கிறார். ஆனால் காலையில் சொன்னது மதியம் நினைவில்லை, சத்தமிருந்தால் கவனம் சிதறுகிறது, சட்டென்று கோபம் வருகிறது, இரண்டு மணி நேரத்தில் உடல் துவண்டுவிடுகிறது. மேற்பார்வையாளர் அதைச் சோம்பல் என்கிறார். அக்கம்பக்கம் திமிர் என்கிறது. இரண்டுமே அநியாயமான தீர்ப்பு. முதல் வாரங்களில் அரை நாள் வேலை, ஒரு சமயத்தில் ஒரே பணி, எழுதி ஒட்டிய குறிப்பு, இடையிடையே ஓய்வு ஆகியவை பலரை மீண்டும் வேலையில் நிறுத்தும். வலிப்பு வரக்கூடியவரை உயரத்திலோ ஓடும் இயந்திரத்தின் அருகிலோ நிறுத்தக் கூடாது.

வேலைக்குப் போனால், சொக்சோவிலிருந்து கிடைக்கும் பணம் நின்றுவிடும் என்ற பயம் பலரை வீட்டோடு கட்டிப்போடுகிறது. நிரந்தர ஊனப் பயன் மருத்துவ வாரியம் மதிப்பிட்ட விழுக்காட்டின்படி தரப்படுவது. வேலைக்குத் திரும்பியதற்காக அது பறிபோவதில்லை. போதிய அளவு சம்பாதிக்க இயலாதவருக்கான இயலாமை ஓய்வூதியம் வேறு வகை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் சொக்சோ அலுவலகத்தில் கேட்டுத் தெளிய வேண்டும்.

ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் முதலாளி சொக்சோ சந்தா கட்டியாக வேண்டும். விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பதும் அவர் கடமை. ஆகவே மலாக்காவின் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு தாமான் குடியிருப்பிலும் இன்றிரவே ஒவ்வொருவரும் தம் சம்பளச் சீட்டை எடுத்து, அதில் சொக்சோ பிடித்தம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையென்றால், விபத்து வரும்வரை காத்திராமல் நாளைக்கே கேட்கட்டும்.