மருந்துக்கு அடங்காத பூஞ்சணம்

நோய் தீரவே மக்கள் வைத்தியசாலைக்குச் செல்கின்றனர். ஆயினும், அங்கேயே சிலரைப் புதியதொரு நோய் பற்றிக்கொள்வதுண்டு. அத்தகையவற்றுள் குருதியிற் புகும் பூஞ்சணத் தொற்று மிகக் கொடியது.

மனிதரின் வாயிலும் குடலிலும் இயல்பாக வாழும் கன்டிடா அல்பிக்கன்சு என்னும் பூஞ்சணமே முன்னர் இதற்குப் பெரிதும் காரணமாயிருந்தது. உடல் நலிந்து, நாளத்திற் செருகிய குழாயோடு நெடுநாட் கிடக்கும் நோயாளரின் குருதியில் அது புகுந்துவிடும். 1990ஆம் ஆண்டளவில் வழக்குக்கு வந்த புளுக்கொனசோல் என்னும் மருந்து அதனை நன்கு அடக்கியது. ஆனால், அம்மருந்தின் பயன்பாடு பெருகப் பெருக, அதற்கு எளிதில் அடங்காத வேறு இனங்கள் தலைதூக்கின.

2009ஆம் ஆண்டிலே, யப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து பெறப்பட்ட புதிய இனமொன்றை ஆய்வாளர் விவரித்தனர். காதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அது கன்டிடா ஓரிசு எனப் பெயர்பெற்றது. பின்னர் ஆசியா, ஆபிரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய கண்டங்களில், ஏறத்தாழ ஒரே காலத்தில், வெவ்வேறு கிளைகளாக அது வெளிப்பட்டது. இதன் பெரும்பகுதி புளுக்கொனசோலுக்கு அடங்குவதில்லை. சில வகைகளோ வழக்கிலுள்ள மூவகை மருந்துகளையும் எதிர்த்து நிற்கின்றன. 2022இல் உலக சுகாதார நிறுவனம் இதனை மிக அபாயகரமான பூஞ்சணங்களின் வரிசையிற் சேர்த்தது.

முன்னையது பெரும்பாலும் நோயாளியின் உடலிலிருந்தே கிளம்பியது. இதுவோ கட்டிலிலும் கருவிகளிலும் வாரக்கணக்கில் உயிர்வாழ்ந்து, தொடுவோர் கைவழியே அடுத்த நோயாளரைச் சேர்கின்றது. சாதாரணத் தொற்றுநீக்கிகள் சில இதனைக் கொல்வதில்லை. குளோரீன் சேர்ந்தவை கொல்லும்.

ஆகவே, மருந்தை அளவறிந்து வழங்குவதும், தேவை முடிந்ததும் குழாயை அகற்றுவதும் வைத்தியர் கடன். நோயாளரைப் பார்க்கச் செல்வோர்க்கும் ஒரு கடன் உண்டு: கட்டிலருகே செல்லுமுன்னும் மீண்ட பின்னும் கைகழுவுதல்.