பிறவிக் கட்டியும் புற்றுநோயும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இசையும் கூத்தும் நிறைந்த இவ்விழாவில் நோயைப் பற்றிப் பேசுதல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். ஆயினும், பிறந்த மண்ணைவிட்டு வந்து வாழும் நம்மிடையே, "விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று உடல்நலத்தைத் தள்ளிப்போடும் வழக்கம் ஒன்று உண்டு. அதனை முன்னிட்டே கழுத்துக் கட்டி ஒன்றைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

தைராய்டுச் சுரப்பி கழுத்தின் முன்புறத்தில் இருப்பது நாம் அறிந்ததே. ஆனால் அது தோன்றுவது அங்கன்று. கருவின் நான்காம் வாரத்தில் நாக்கின் அடியில் தோன்றி, ஒரு நுண்குழாய் வழியே கீழிறங்கி, ஏழாம் வாரத்தளவில் தன் இடத்தை அடைகின்றது. அதுவும் நம்மைப்போல் குடிபெயர்ந்து வந்ததே! வந்த வழி பின்னர் மறைந்துவிட வேண்டும். சிலரிடம் அது மறையாது எஞ்சி, நீர் கோத்துக் கட்டியாகின்றது. கழுத்தின் நடுவே உருண்டு நின்று, விழுங்கும்போதும் நாக்கை நீட்டும்போதும் மேலெழுவது இதன் அடையாளம்.

இக்கட்டி பெரும்பாலும் தீங்கற்றது. எனினும் அதன் சுவரில் தைராய்டுத் திசு ஒட்டியிருத்தல் கூடுமாதலின், அச்சுரப்பிக்கு வரும் புற்றுநோய் இங்கும் வரலாம். ஏறத்தாழ 100 கட்டிகளில் 1-இல், பெரும்பாலும் வளர்ந்தோரிடம், இது காணப்படுகின்றது. கட்டியிலும் சுரப்பியிலும் ஒருங்கே இருத்தலும் உண்டு. வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாமையால், அறுத்தெடுத்த கட்டியைச் சோதித்த பின்னரே பல வேளைகளில் உண்மை புலப்படுகின்றது. ஆகவே அச்சோதனையைச் செலவு கருதி விட்டுவிடலாகாது.

"பிறந்தது முதல் இருப்பதுதானே" என்னும் எண்ணமே நம்மை ஏமாற்றுவது. கட்டி விரைந்து பெருத்தாலும், இறுகினாலும், பக்கத்தில் நெறி கட்டினாலும், குரல் மாறினாலும் உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும்.

கட்டியை மட்டும் எடுத்தால் மீண்டும் தோன்றக்கூடும். ஆதலின் 1920-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஸிஸ்ட்ரங்க் வகுத்த முறைப்படி, நாவடி எலும்பின் நடுப்பகுதியையும், நாக்கின் அடிவரை செல்லும் குழாயையும் சேர்த்தே அகற்றுவர். அரிதாக, அக்கட்டியில் உள்ளதே ஒருவருடைய ஒரே தைராய்டாக இருத்தல் கூடும். எனவே சுரப்பி தன் இடத்தில் உள்ளதா என்பதை ஸ்கேன் செய்து முன்னரே அறிதல் இன்றியமையாதது. சுரப்பியிலும் புற்று இருப்பின் அதனையும் எடுப்பர். முழுதும் எடுக்க நேர்ந்தாலும், நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு இயல்பாக வாழலாம்.

புற்று என்றதும் நடுங்க வேண்டா. இவற்றுள் மிகுதியானது பாப்பில்லரி என்னும் வகை. அது பெரும்பாலும் மெல்ல வளர்வது. காலத்தே கண்டால் மிகப் பலர் நலம் பெறுகின்றனர். ஆகவே, ஊர்ப் பயணத்திற்கெனக் காத்திராமல், கழுத்திற் கட்டியுள்ளோர் இந்நகரிலேயே மருத்துவரிடம் காட்டுமாறு அன்புடன் வேண்டி அமைகின்றோம்.