பிறந்த வீடா? புகுந்த வீடா?

(பட்டிமன்றத் தலைப்பு: "வண்டி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அது பிறந்த இடமா? உழைக்கும் இடமா?" தாமல் கிராமத்து மேடையில் "உழைக்கும் இடமே" என்ற அணியில் பேசியது.)

மாண்புமிகு நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்புக்குரியவர்களே! வாசலில் பாயை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாமல் ஊர்த் தாய்மார்களே! வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களே!

நான் எங்கேயோ வெளியூரிலிருந்து வந்து பேசுகிற ஆள் இல்லை. இந்த மண்ணில் பிறந்தவன். இந்த ஏரியில் நீந்தக் கற்றவன். எங்கள் அப்பா குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்தவர். அதனால் எதிரணித் தலைவர் அம்மா எழுந்தவுடனே ஒரு கணை தொடுத்தார். "பிறந்த இடத்தைப் பற்றி இவ்வளவு பெருமையாகப் பேசுகிற பேராசிரியர், பிறந்த இடம் முக்கியமில்லை என்கிற அணியில் உட்கார்ந்திருக்கிறாரே, இது நியாயமா?" என்றார்.

அம்மா, நியாயம்தான். பிறந்த இடம் முக்கியமில்லை என்று நான் எங்கே சொன்னேன்? முதலில் பார்க்க வேண்டியது அதுவா என்பதுதானே தலைப்பு! நீங்கள் தாமலுக்கு வந்த மருமகள். முப்பது வருஷமாக இந்த ஊருக்கு உழைக்கிறீர்கள். "நீ பிறந்த ஊர் எது?" என்று கேட்டா உங்களுக்கு ரேஷன் கார்டு கொடுத்தார்கள்? (சிரிப்பு) பெண்ணுக்கும் சரி, வண்டிக்கும் சரி, பிறந்த வீடு ஒன்று, புகுந்த வீடு ஒன்று. பேர் வாங்குவது புகுந்த வீட்டில்தான். (கைதட்டல்)

நடுவர் அவர்களே, இந்தத் தலைப்பு மற்றவர்களுக்குப் பட்டிமன்றம். எங்கள் வீட்டுக்கு இது நடந்த கதை.

என் தம்பி. அவனும் தறிக்காரன்தான். கூலி கட்டுப்படியாகவில்லை. ஒரு நாள் வந்து, "அண்ணே, தறியைக் கொடுத்துட்டு ஒரு லோடு வண்டி வாங்கலாம்னு இருக்கேன்" என்றான். எங்கள் அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. அப்பா உட்கார்ந்த தறி இல்லையா! ஆனாலும் வாங்கினான். விடியற்காலையில் காஞ்சிபுரம் ராஜாஜி மார்க்கெட்டுக்குக் காய்கறி, பகலில் கல்யாணப் பாத்திரம், சாயங்காலம் யார் வீட்டு மாடிக்காவது மணல், செங்கல். அந்த வண்டிதான் அவன் பிள்ளையைப் படிக்க வைத்தது.

போன வருஷம் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணி. நம் ஊர் வழியாகப் போகிறதே சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை, பழைய பேர் என்.எச். 4, இப்போது 48, அந்தச் சாலை ஓரத்தில் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. பின்னால் சிவப்பு விளக்கு இல்லை. ஒளிரும் பட்டை இல்லை. ஒரு மரக்கிளையைக்கூட ஒடித்துப் போடவில்லை. தம்பி வண்டி நேராகப் போய் அதன் முதுகில் மோதியது.

எனக்குத் தகவல் வந்து நான் போனபோது வண்டியைப் பார்த்தேன். முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. தக்காளி சாலை முழுக்கச் சிதறியிருந்தது. அந்த இருட்டில் எது தக்காளி, எது ரத்தம் என்று எனக்குத் தெரியவில்லை, ஐயா.

(அமைதி)

தம்பி பிழைத்துக்கொண்டான். ஒரு கால், இரண்டு விலா எலும்பு. அது எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தான். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். பாலிசியில் வண்டி மதிப்பு நாலு லட்சத்துத் தொண்ணூறாயிரம். பழுது பார்க்க நாலு லட்சத்துப் பத்தாயிரம் ஆகும் என்றார்கள். பழுதுச் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அது முழு நஷ்டம். பழுது பார்க்க மாட்டார்கள், மதிப்பைக் கொடுத்து முடித்துவிடுவார்கள். "அப்பாடா, முழுப் பணம் வருதே" என்று நினைத்தோம். வந்தது. ஆனால் முதலில் யாருக்குப் போனது? கடன் கொடுத்தவருக்கு! மூன்று லட்சத்து அறுபதாயிரம் பாக்கி. மிச்சம் தம்பி கையில் நின்றது ஒரு லட்சத்துச் சொச்சம். தாய்மார்களே, இதை வீட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். என் தம்பி மனைவி அடம் பிடித்து முழு இன்சூரன்ஸ் கட்டச் சொன்னதால் இந்த ஒரு லட்சமாவது மிஞ்சியது. அவன் ஆசைப்பட்ட மாதிரி வெறும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் போட்டிருந்தால், வண்டியும் போய், கடனும் தலைமேல் நின்றிருக்கும். (கைதட்டல்)

இனிமேல் புது வண்டி. அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்ததுதான் உண்மையான பட்டிமன்றம். அண்ணன், மாமா, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் வந்துவிட்டார்கள். பணம் கொடுக்க ஒருவரும் இல்லை. யோசனை கொடுக்கப் பதினாறு பேர்! (சிரிப்பு)

மாமா சொன்னார்: "ஜப்பான்காரன் வண்டியா பார்த்து வாங்கு. கெடவே கெடாது." மச்சான் சொன்னான்: "அந்நியன் வண்டி எதுக்கு? அசோக் லேலண்ட் வாங்கு. நம்ம அசோகச் சக்கரவர்த்தி பேரு!" (சிரிப்பு)

நடுவர் அவர்களே, நான் வாத்தியார். சும்மா இருக்க முடியுமா? சொன்னேன். "மாப்ளே, அந்த அசோக், சக்கரவர்த்தி இல்லை. 1948-இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கிய ரகுநந்தன் சரண் என்பவருடைய மகன் பெயர். லேலண்ட் என்பது இங்கிலாந்தில் லங்காஷயரில் உள்ள ஓர் ஊர்ப்பெயர். அங்கே இருந்த லாரி கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. முதலில் அங்கே பூட்டியது லாரிகூட இல்லை, ஆஸ்டின் கார்!" என்றேன். மச்சான் முகம் வாடிவிட்டது.

உடனே மாமா, "பார்த்தியா, நான் சொல்லலே?" என்றார். அவரையும் விடவில்லை. "மாமா, ஓசூரில் 2011-லிருந்து ஒரு வண்டி வந்ததே, தோஸ்த் என்று. அது ஜப்பான் நிசானும் எண்ணூர் லேலண்டும் சேர்ந்து செய்தது. பேரு இந்தி. கூட்டாளி ஜப்பான். பிறந்தது ஓசூர். 2016-இல் நிசான் பங்கையும் லேலண்டே வாங்கிக்கொண்டது. இப்ப அது ஜப்பான் வண்டியா, தமிழ்நாட்டு வண்டியா?" மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்குத் தூக்கம் வருது" என்று போய்விட்டார். (சிரிப்பு, கைதட்டல்)

நம்ம ஊரில் "குட்டி யானை" என்று கொஞ்சுகிறோமே, டாட்டா ஏஸ். 2005-இல் வந்தது. முதலில் புனேயில் பிறந்தது. பிறகு உத்தரகண்டில் பந்த்நகரில் பிறந்தது. அந்த டாட்டாவே லாரி செய்யத் தொடங்கியது 1954-இல், ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து. ஜெர்மன்காரன் கற்றுக் கொடுத்து, பீகாரில் அன்று இருந்த ஜாம்ஷெட்பூரில் செய்து, தாமலில் தக்காளி ஏற்றினோம். எதிரணி நண்பரே, இதில் எதைப் பிறந்த இடம் என்பீர்கள்?

இன்னொன்று. லாரியின் அடிக்கட்டு ஓர் ஊரில். மேல்கட்டு, அதாவது பாடி, நாமக்கல்லில் கட்டுவார்கள். பிரேக்கும் சக்கரமும் செய்கிற தொழிற்சாலைகள் பாடியில் இருக்கின்றன. இது சென்னை பாடி! அந்த பாடி வேறே, இந்தப் பாடி வேறே! (சிரிப்பு) வழியில் டயர் வெடித்தால் மாட்டுகிறோமே, ஸ்டெப்னி. அது வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில் ஒரு தெருவின் பெயர். அந்தத் தெருவில் 1904-வாக்கில் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். அங்கே தெருப் பெயர். இங்கே நம் கிளீனர் பையன் வாயில் அது தமிழ்ச் சொல்!

எங்கள் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. தாய்மார்களே, நீங்கள் கட்டியிருக்கும் பட்டைத் தொட்டுப் பாருங்கள். பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. சரிகை பெருமளவு சூரத்திலிருந்து வருகிறது. ஆனால் அதை யாராவது கர்நாடகப் புடவை, குஜராத் புடவை என்று சொல்கிறார்களா? கோர்வை போட்டு, உடலையும் கரையையும் பிரிக்க முடியாதபடி இணைத்த கை எந்தக் கையோ, அந்தக் கைக்கு உரியது அந்தப் பட்டு. அதனால்தான் அதற்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, காஞ்சிபுரம் பட்டு என்று. நூல் பிறந்த இடத்துக்கு அல்ல, ஐயா! உழைத்த இடத்துக்கு! (பலத்த கைதட்டல்)

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி ஒரு நல்ல கேள்வி கேட்டார். "நம்ம ஊரில் செய்ததை வாங்கினால்தானே நம்ம பிள்ளைகளுக்கு வேலை?" இது சிரித்து ஒதுக்குகிற கேள்வி இல்லை. என் தம்பி மகனே ஐ.டி.ஐ. முடித்து ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிறான். காலையில் ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் வந்து நிற்கும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரகடத்தில் 2012-லிருந்து பாரத் பென்ஸ் லாரி வருகிறது. முதலாளி ஜெர்மன்காரன். வேலை செய்கிற கை நம்ம கை. அதே தொழிற்சாலையில் செய்த லாரிகள் ஃபூசோ என்ற ஜப்பான் பெயரோடு இலங்கைக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் கப்பல் ஏறுகின்றன. அங்கே இருக்கிற ஒருவன் எதிரணி மாதிரி எழுந்து, "எங்க ஊர்ல பிறக்காத வண்டி எங்களுக்கு வேணாம்" என்று சொன்னால், நம்ம ஒரகடத்துப் பையன் என்ன செய்வான்? (கைதட்டல்) நாம் மற்றவனுக்கு விற்கும்போது "பிறந்த இடம் பார்க்காதே" என்போம். நாம் வாங்கும்போது மட்டும் பார்ப்போமா?

அமெரிக்காக்காரன் அப்படிப் பார்த்தான். ஒரு வேடிக்கை கேளுங்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் ஐரோப்பியர்கள் அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி போட்டார்கள். பதிலுக்கு அமெரிக்கா வெளிநாட்டுச் சிறிய லோடு வண்டிகளுக்கு 25 சதவீதம் வரி போட்டது. கோழிக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம்? (சிரிப்பு) கோழிச் சண்டை எப்பவோ ஓய்ந்தது. வண்டி வரி அரை நூற்றாண்டு தாண்டியும் ஓயவில்லை. கடைசியில் யாருக்கு வினை? அமெரிக்க ஃபோர்டுக்கே! அவர்கள் துருக்கியில் செய்த வேனைக் கொண்டுவந்தார்கள். பின்னால் சீட்டு போட்டுப் பயணிகள் வண்டி என்று இறக்குவது; இறங்கியவுடன் சீட்டைக் கழற்றி எறிந்து லோடு வண்டியாக விற்பது! வழக்கு நடந்து 2024-இல் 36 கோடியே 50 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள். பிறந்த இடத்தை மட்டும் பார்த்தால், பிறப்புச் சான்றிதழில்தான் பொய் வரும்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சரி, உழைக்கும் இடத்தில் என்ன பார்ப்பது? மூன்று பார்க்க வேண்டும்.

முதலாவது சுமை. மயிலிறகுதானே என்று அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதலில் வள்ளுவர் எச்சரிக்கிறார். நாம் ஏற்றுவது மயிலிறகு இல்லை, மணல்! முக்கால் டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றிவிட்டு, பிறந்த ஊரைத் திட்டிப் பயனில்லை.

இரண்டாவது உதிரிபாகம். பழைய வண்டி ஒரு தடவை கெட்டு நின்றது. கம்பெனி பேர் வேண்டாம். ஒரு சின்னச் சாமான் வர இருபத்திரண்டு நாள். "வருது சார், வருது சார்" என்றார்கள். இருபத்திரண்டு நாளும் தம்பி வீட்டில் அடுப்பு எரிந்தது கடனில்! புறநானூற்றில் ஔவையார் காட்டுகிறார்: உப்பு வணிகர்கள் மேடு பள்ளம் நினைத்து, வண்டிக்கு அடியில் ஒரு மாற்று அச்சைக் கட்டிக்கொண்டே போவார்களாம். அந்த வணிகன் கேட்ட கேள்விதான் கேள்வி: நடுவழியில் முறிந்தால் மாற்று எங்கே? காஞ்சிபுரத்தில் அன்றைக்கே கிடைக்குமா? அதுதான் என் தம்பி முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

மூன்றாவது, ஓட்டுகிறவன் உயிர்.

நடுவர் அவர்களே, கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அதற்கு வருகிறேன். அவ்வளவு நொறுங்கிய வண்டியில் தம்பி எப்படிப் பிழைத்தான்? சீட் பெல்ட்! அவன் என்றைக்கும் போடாதவன். அதற்கு முந்தின வாரம்தான் அவன் மகள் அழுது சத்தியம் வாங்கியிருந்தாள். தோளிலும் இடுப்பிலும் மூன்று இடத்தில் பிடிக்கிற அந்தப் பட்டை எங்கே பிறந்தது தெரியுமா? ஸ்வீடனில். 1959-இல் வோல்வோ கம்பெனியின் பொறியாளர் நில்ஸ் போலின் கண்டுபிடித்தது. காப்புரிமையை வைத்துக்கொண்டு கோடி கோடியாகச் சம்பாதித்திருக்கலாம். மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று திறந்துவிட்டார்கள்.

பனி கொட்டுகிற தேசத்தில் ஒருவன் யோசித்தான். தாமல் சாலையில், விடியாத பொழுதில், என் தம்பி நெஞ்சை அது பிடித்து நிறுத்தியது. அது பிறந்த இடத்தைப் பார்த்தா என் தம்பி மகள் போடச் சொன்னாள்? அப்பன் திரும்பி வர வேண்டும் என்று பார்த்தாள், ஐயா! (நீண்ட கைதட்டல்)

தம்பி புது வண்டி வாங்கிவிட்டான். எந்தக் கம்பெனி என்று சொன்னால் விளம்பரமாகிவிடும். அது இதோ, மேடைக்குப் பின்னால்தான் நிற்கிறது. நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியெல்லாம் அதில் வந்து இறங்கியவைதான். பின்னால் போய்ப் பாருங்கள். பேர் எழுதுகிற இடத்தில் ஊர்ப் பெயர் இல்லை, கம்பெனிப் பெயர் இல்லை. பலகை முழுக்கச் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்டி வைத்திருக்கிறான். "எனக்குப் பின்னால வர்றவனும் வீட்டுக்குப் போகணும்ண்ணே" என்றான்.

எங்கே பிறந்தது என்பதை வண்டியின் சேஸிஸ் எண் சொல்லும். எப்படி வாழ்ந்தது என்பதை அது ஓடுகிற சாலை சொல்லும். ஆகவே, வண்டி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது உழைக்கும் இடமே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.