மூச்சை விடப் பழகுவோம்

கம்பம் பள்ளத்தாக்கில் வீடு வீடாகப் போய் இயன்முறை சிகிச்சை கொடுக்கும் வேலை எனக்கு. நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவர்கள் பலரும் கேட்பது ஒன்றுதான்: "தோட்டத்துக்கு எப்பம்மா போகலாம்?"

நம் பக்கத்து வேலையைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் புரியும். திராட்சைப் பந்தலில் கவாத்து என்றாலும் அறுவடை என்றாலும் கை தலைக்கு மேலேதான். மூச்சுக்குத் துணை நிற்கும் கழுத்து, தோள் தசைகள் அப்போது கையைத் தாங்கப் போய்விடுகின்றன. அதனால்தான் தெருவில் நன்றாக நடப்பவருக்கும் பந்தலடியில் இரைக்கிறது.

ஒரு பெரியவர். வலது நுரையீரலின் மூன்று மடல்களில் ஒன்றை எடுத்திருந்தார்கள். "பாதி மூச்சுதாம்மா மிச்சம்" என்றார். "இல்லைங்கய்யா, மிச்ச மடல்கள் விரிஞ்சு கொடுக்கும்" என்று சொல்லி உட்கார வைத்தேன். மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுக்கச் சொன்னேன். பிறகு சூடான டீயை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து, நான்கு எண்ணும் வரை மெல்ல விடச் சொன்னேன். எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது. உதடு குவிந்திருந்தால் உள்ளே சிறு குழாய்கள் சட்டென மூடிக்கொள்ளாது, பழைய காற்று வெளியேறும், புதுக்காற்றுக்கு இடம் கிடைக்கும். வீட்டில் இருப்பவர்களும் இப்போதே ஒரு தடவை விட்டுப் பாருங்கள், தோள் தானாகத் தளரும்.

அந்தப் பெரியவருக்கு இந்தப் பயிற்சியைப் பிடிமானமாக்கிக் கொடுத்தேன்: கையைத் தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். முதலில் வெறுங்கை, அப்புறம் ஒரு துண்டு. சில வாரம் கழித்து ஒருநாள், பேசிக்கொண்டே கொடியில் தொங்கிய காய்ந்த இலையைக் கிள்ளிப் போட்டார். இரைக்கவில்லை. அவர் கவனிக்கவே இல்லை, நான் கவனித்தேன்.

நேரம் ஆகிறது, மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வயிற்றில் கை வைத்து, அது மேலே எழும்படி மூச்சு இழுங்கள். இருமும்போது தையல் மேல் தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட் கூடவே கூடாது, விறகடுப்புப் புகையும் வேண்டாம். தலை சுற்றினால் நிறுத்துங்கள். நெஞ்சுவலி, காய்ச்சல், சளியில் ரத்தம், திடீர் மூச்சுத்திணறல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், க.விலக்கில் நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அறுவை செய்த மருத்துவரிடம் கேட்டுவிட்டே பயிற்சியைத் தொடங்குங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். எல்லாரும் நல்லபடியாகத் தேறி வர வேண்டும்.