வெறுங்கையோடு திரும்பும் செயற்கூறு



தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் நான் பள்ளி ஏவலரிடம் இருவகை வேலை சொல்வதுண்டு. ‘மணியடித்து வாருங்கள்’ என்பது ஒன்று. ‘பத்தாம் வகுப்பில் இன்று எத்தனை பேர் என்று எண்ணி வாருங்கள்’ என்பது மற்றொன்று. மணியடித்துத் திரும்பியவரைப் பார்த்து ‘எத்தனை?’ என்று கேட்டால் அவர் திகைப்பாரன்றோ? சி மொழியில் நிரல் எழுதத் தொடங்கும் மாணவர் பலர் கேட்பது இக்கேள்வியைத்தான்.

சி மொழி 1970-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், டெனிஸ் ரிட்ச்சி என்பவரால் உருவாக்கப்பெற்றது. அதில் ஒரு செயற்கூறு முழு எண்ணைத் திருப்பித் தருமாயின் அதன் பெயருக்கு முன் ‘இன்ட்’ என்றும், ஒன்றும் தராதாயின் ‘வாய்ட்’ என்றும் எழுதுகிறோம். வாய்ட் என்னும் சொல் தொடக்கத்தில் இல்லை. கெர்னிகனும் ரிட்ச்சியும் 1978-இல் வெளியிட்ட நூலின் முதற்பதிப்பில் அதனைக் காண இயலாது. 1989-இன் அமெரிக்கத் தரத்தில் அது இடம்பெற்றுள்ளது.

எங்கள் தெருவில் கல்லூரி மாணவர் ஒருவர் இருக்கிறார். மறுநாள் ஒப்படைக்க வேண்டிய நிரலோடு ஒரு மாலை என்னிடம் வந்தார். ‘கூட்டு’ என்றொரு செயற்கூறு, முன்னே வாய்ட், உள்ளே இரண்டு எண்களைக் கூட்டித் திரையில் அச்சிடும் ஒரே வரி. முதன்மைச் செயற்கூறிலோ ‘மொத்தம் = கூட்டு(3, 4)’ என்றிருந்தது. வெற்று மதிப்பைப் பயன்படுத்தலாகாது என்று நிரல்பெயர்ப்பி மறுத்துவிட்டது. திரையில் காட்டுவதும் அழைத்தவரிடம் திருப்பித் தருவதும் ஒன்றே என்று அவர் எண்ணியிருந்தார். பிழையின் வேர் அதுவே.

இதற்கு மருந்து எளிது. அச்சிட்டால் போதுமெனில் ‘மொத்தம் =’ என்பதை நீக்கிச் செயற்கூறை அழைத்தாலே போதும். விடை பின்னர் வேண்டுமெனில் வாய்ட்டை இன்ட் ஆக்கி, ‘ரிட்டர்ன்’ வரியும் சேர்த்தல் வேண்டும்.

அவர் செய்ததோ பாதி மருத்துவம். வாய்ட்டை இன்ட் என்று திருத்தினார். ரிட்டர்ன் வரியை எழுதவில்லை. நிரல்பெயர்ப்பி வாய் திறக்கவில்லை! அவரும் மகிழ்ந்தார். நிரலை ஓட்டினால் திரையில் 7 வந்தது. ஆனால் அதனை இரண்டால் வகுத்துக் கண்ட சராசரி 1 என்று நின்றது. மூன்றரை எங்கே, ஒன்று எங்கே? மாறியை அச்சிட்டுப் பார்த்தோம்: 2. அச்சிடும் கட்டளையாகிய ‘பிரின்ட்எஃப்’ தான் எழுதிய எழுத்துகளின் எண்ணிக்கையைத் திருப்பித் தருவது. ஏழு என்னும் இலக்கமும் வரிமாற்றமும் சேர்ந்து இரண்டு. அந்த எச்சமே அவருடைய கணினியில் விடையாக வந்தமர்ந்தது. வேறொரு கணினியில் வேறெதுவும் வந்திருக்கலாம். இத்தகைய மதிப்பைப் பயன்படுத்தினால் விளைவு யாதென்று சி மொழியின் தரம் வரையறுக்கவில்லை. நிரல்பெயர்ப்பி மறுத்த பிழையைக் காட்டிலும் அது பேசாதிருந்த பிழை கொடிது என்பேன்.

‘டபிள்யூ-ஆல்’ என்னும் எச்சரிக்கைக் குறியைச் சேர்த்து மீண்டும் பெயர்க்கச் சொன்னேன். ‘கூட்டு’ மட்டுமன்றி, ரிட்டர்ன் இல்லாத வேறு இரண்டு செயற்கூறுகளும் அகப்பட்டன. மூன்றையும் திருத்தி முடிக்க இரவு ஒன்பது மணி ஆயிற்று.